வியர்வை காயாத மதியம்

அப்பா கரூரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். பூந்தமல்லி பக்கத்திலுள்ள நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் நான் தனியாகக் குடியேறிய பிறகு வந்த முதல் மே மாதம். அன்று எனக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. அப்பா தன் புதுப் பேண்ட்டைக் குட்டையாக்க வேண்டும் என்று உச்சி வெயிலில் பூந்தமல்லிக்குக் கிளம்பிவிட்டார்.

"சாயங்காலம் போலாம்ப்பா. முப்பத்தேழு டிகிரி காட்டுது."

"முப்பத்தேழெல்லாம் ஒரு வெயிலா கண்ணு? நம்மூர்ல நாப்பதுலயே சைக்கிள் மிதிச்சவன் நானு."

செல்போனில் அதற்குக் கீழே, உணரும் வெப்பம் நாற்பத்தாறு என்று இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு குரல். "பூந்தமல்லியில டெய்லர் கடை வெச்சிருக்கேம்மா. உங்க அப்பா இங்க மயங்கி உழுந்துட்டாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். பதறாம வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, அப்பாவைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போர்த்தி, கடையிலிருந்த இரண்டு டேபிள் ஃபேன்களையும் அவர் பக்கம் திருப்பியிருந்தார் டெய்லர் பாய். அவருடைய மனைவி பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து வாங்கிய ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி அப்பாவின் அக்குளில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா கண் திறந்து என்னைப் பார்த்தார். "நீ யாரு சாமி?" என்றார்.

"நான்தாம்ப்பா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்த அம்மாதான் என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். "அழாத கண்ணு. இவ்ளோ நேரம் கண்ணே தொறக்கல, இப்ப பேசுறாரு பாரு. சரியாப் பூடும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "உங்க ஊர்க் காத்து காஞ்ச காத்து. வேர்வை உடனே காயும், உடம்பும் குளிரும். இங்க காத்துலயே ஈரம் நிறைய. வேர்வை வழிஞ்சுகிட்டே இருக்கும், காயாது. சூடு உள்ளயே நின்னுடும். நல்லவேளை, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ளயே அவங்க சூட்டைக் கொறச்சிருக்காங்க."

சாயங்காலம் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீடு திரும்பிய சில நாட்களில் இருவருமாக அந்தக் கடைக்குப் போனோம். நன்றி என்ற வார்த்தை அப்பாவுக்கு எளிதில் வராது. கைகூப்பி நின்றார். "அட, இன்னாங்கய்யா இது!" என்று பாய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். அன்று அப்பாமேல் போர்த்தியது ஒரு கல்யாண வீட்டுக்காக வெட்டி வைத்திருந்த லைனிங் துணி என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா, "தொவைச்சா தீந்துச்சு, அத்தப் போயி பேசிக்கினு" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு நன்னாரி சர்பத் கலக்கப் போனார்.

திரும்பும்போது, பஸ் வேலப்பன்சாவடியை நெருங்கியதும் ஜன்னலோரம் அமர்ந்திருந்த அப்பா என் பக்கம் திரும்பினார். "உன்னைய இங்க தனியா உட்டுட்டமேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் கண்ணு. இனி ஊர்ல நிம்மதியாத் தூங்குவேன்" என்றார்.