அவர் பேசாத பேச்சு

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்த்தார். லீவு நாளில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு சொல்வார். சாவு, சர்ச் திருவிழா, கண் முகாம், எல்லாம் அவர் குரல்தான். முன்கூட்டியே பேசிப் பதிந்து வைத்துவிடுவார். ஆட்டோக்காரர் போட்டுக்கொண்டு போவார். அந்தக் குரல் சொன்னால் எங்கள் காலனி நம்பும்.

நுரையீரல் கெட்டுச் செத்தார். அதற்குப் பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இங்க பாருடி, உன் ஊட்டுக்காரரு பேசறாரு."

அவர் குரல்தான். தலைவர் பதவிக்கு நிற்கும் ஒருவருக்கு ஓட்டுக் கேட்டது. ஏரியில் ஆலைக் கசடைக் கொட்ட வழிவிட்டதே அந்த ஆள்தான். அப்போது லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்து அதை நிறுத்தியவர் என் வீட்டுக்காரர்.

மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். கடைசியில் அவரால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது. இருமல் வந்துவிடும். இதில் இருமலே இல்லை.

"இது அவரு இல்லக்கா."

"போடி. சாவறதுக்கு மின்னாடியே பேசி வெச்சிருப்பாரு. உன்னாண்ட எல்லாம் சொல்லிக்கினா இருந்தாரு?"

காலனி முழுக்க அதையே சொன்னது. தினம் காலையில் எல்லார் போனுக்கும் ஒரு பேச்சு வந்தது.

அந்த ஆளின் தேர்தல் ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன் எழுந்து நாற்காலி போட்டான்.

"கோச்சிக்காதீங்க அண்ணி. பழைய மைக் பேச்சு கொஞ்சம் குடுத்தா போதும், மிச்சத்த கம்ப்யூட்டரே பேசிடும். அண்ணன் பேரு நிக்குதுல்ல?"

"பேரு நிக்கட்டும். அவரு வாயால ஓட்டு கேக்காத."

டீ சொல்லவா என்றான். வந்துவிட்டேன். போலீசில் புகார் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மாமியார் என் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் தெரியாது.

"எம்புள்ளைக்கு இருமல் நின்னுபோச்சு, கேட்டியா?" என்றார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தே, அது மெஷினு. அவரு இல்ல."

"பெத்தவளுக்குத் தெரியாதா? நீ சும்மா இரு."

அழித்துவிடலாம் என்று போனை வாங்கினேன். அவர் கை அதன் பின்னாலேயே வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஓட்டுப் போடும் நாள் அவருக்குத் துணையாக நான்தான் போனேன். கண் தெரியாதவருக்குத் துணை போகிறவர்தான் சீட்டில் குத்த வேண்டும். மறைப்புக்குள் நின்றுகொண்டு அவர் காதோரம் கேட்டேன்.

"யாருக்கு அத்தே?"

"எம்புள்ள சொன்னவருக்கு."

அது அத்தையின் ஓட்டு. அந்த ஆளின் சின்னத்தில் குத்தினேன். பிறகு என் ஓட்டை என் இஷ்டப்படி போட்டேன்.

அந்த ஆள் ஜெயித்தார். லாரிகள் மறுபடி ஏரிக்கு வருகின்றன. போனில் பேச்சு வருவது நின்றுவிட்டது. அத்தை தினமும் காலையில் கேட்பார்.

"இன்னிக்காவது பேசினானா?"

"இல்ல அத்தே."

ஒரு நாள் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓட்ட வாங்கிக்கினு இவனும் பேசாம போய்ட்டான் பாரு," என்றார்.