அண்ணன் செய்த சின்ன வண்டி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவர் ஓட்டிய பிக்கப் வண்டியில் ஏறியவர்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நான் நிறையப் பேசுகிறவள் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

அண்ணன் பிறந்தது காஜா பெராங்கில். போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள்; அவர் திரும்பவில்லை. அண்ணன் தெங்கேராவில் ஒரு பட்டறையில் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு பண்டார் ஹிலிரில் ஒரு மளிகைக்கடை முதலாளிக்கு டிரைவரானார்.

முதலாளியின் பிக்கப் ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வண்டி. மேலே பச்சைப் பெயிண்ட். அடியில் ஓடும் இரும்புச் சட்டமோ துருவேறி, விரலால் அழுத்தினால் உதிரும். அது தெருவில் திரும்பும் கிறீச் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். சட்டத்தை மாற்றச் சொல்லி அண்ணன் முதலாளியிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். வெள்ளை வேட்டி கட்டிய முதலாளி குனிந்து பார்க்கவில்லை. வண்டியையே அவர் கைக்குக் கொண்டுபோனால் பார்ப்பார் என்று அண்ணன் நினைத்தார்.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று அளந்து, பால் டின் தகரத்தை வெட்டி, சக்கரத்துக்குச் சைக்கிள் டியூப் சுற்றி, அதே வண்டியைச் சின்னதாக ஒரு மாதம் செய்தார். அடித்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து வெளிற வைத்தார். கதவின் நசுங்கலும் தப்பவில்லை. துருவுக்கு மட்டும் சாயம் கலக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, ஆணியால் சுரண்டிய துருவையே பசையில் குழைத்து, அந்தந்த இடத்தில் பூசினார். சட்டம் பிளந்திருந்த இடத்தில் தகரத்தையும் பிளந்தார். 

முதலாளி வாங்கிப் பார்த்து, அசல் வண்டியே தோற்றது என்று மெச்சினாராம்.

“கொஞ்சம் கவுத்துப் பாருங்க முதலாளி.”

“கவுத்தா ஒடிஞ்சிடும்பா” என்று சொல்லி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று அண்ணனிடம் அழுதேன். “நான் விட்டா வேற ஒருத்தன் ஓட்டுவான் பாப்பா. எந்தெந்த எடத்துல ஆள எறக்கிவிடணும்னு அவனுக்குத் தெரியாது” என்றார். அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று.

மலாய் நாட்டின் சுதந்திரக் கொண்டாட்டம் பார்க்கக் குருபோங்கிலிருந்து உறவினர்களை ஏற்றிவந்தார். வழியில் மரப்பாலம். மழை விட்டிருந்தது. எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார். புதுச்சேலை சேறாகிறதே என்று அத்தை திட்டிக்கொண்டே நடந்தார். கடைசியில் அண்ணன் தனியாக வண்டியை ஏற்றினார். நடுப்பாலத்தில் சட்டம் முறிந்து, வண்டி ஓடையில் விழுந்தது. மூன்றாம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

ஓடையில் குதித்து அவரைத் தூக்கியவர்களுக்கும், தங்கள் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மலாய்க் குடும்பத்தாருக்கும், அம்மாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. முதலாளி இன்னொரு பழைய பிக்கப் வாங்கியிருக்கிறார். பிள்ளைகளை அதில் ஏற்றுமுன் தயவுசெய்து நீங்களாவது குனிந்து பாருங்கள்.

அத்தை, என்னைப் பார்க்கும்போதெல்லாம், அன்று அவனைத் திட்டிவிட்டேனே என்று அழுகிறீர்கள். ஆஸ்பத்திரியில் அண்ணன் சொன்னதை உங்களுக்காகவே எழுதுகிறேன்: “அத்த சத்தம் அந்தக் கரையில கேட்டுச்சு. எல்லாரும் தாண்டிட்டாங்கன்னு தெரிஞ்சுதான் கியர் போட்டேன்.”