சந்திக்காத லீவு நாட்கள்

மூன்று வருடங்களுக்கு முன், கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்துகொண்டே, மாலையில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கணினி வகுப்புக்கும் போய்வந்தேன். கணவருக்கு ஹோட்டலில் இரவுக் காவல் வேலை. நான் வீட்டுக்குள் நுழைய, அவர் கிளம்புவார். எங்கள் சின்ன மகளை வாசலிலேயே கைமாற்றிக்கொள்வோம்.

எனக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை லீவு, அவருக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை. மூன்று பேரும் ஒன்றாகப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று மகள் நச்சரிப்பாள். ஒரு லீவும் ஒத்துவராது. "நான் என்ன புள்ள செய்றது, லீவு அப்படி விழுதே" என்பார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வகுப்பில், இரண்டு எண்களின் மீச்சிறு பொது மடங்கைக் காணும் ப்ரோக்ராம் எழுதச் சொன்னார்கள். நான் நான்கையும் ஆறையும் கொடுத்தேன். பன்னிரண்டு என்று வந்தது. அப்படியானால் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை லீவு சேர வேண்டுமே! மனுஷன் எதையோ மறைக்கிறார் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க, ப்ரோக்ராமைக் கொஞ்சம் மாற்றி, உண்மையான லீவுத் தேதிகளையே கொடுத்தேன். அந்த மாதம் என் லீவு மூன்றாம் தேதி தொடங்கியது, அவருடையது இரண்டாம் தேதி. இரண்டும் சேரும் முதல் நாளைக் கேட்டேன். ப்ரோக்ராம் ஓடிக்கொண்டே இருந்தது, விடை வரவில்லை. படிப்பித்த மிஸ்ஸைக் கூப்பிட்டேன். அக்குறணை ஊர்ப் பெண், என்னைவிட இளையவர். திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"ப்ரோக்ராம்ல பிழை இல்ல. ஒங்கட லீவு மூணு, ஏழு, பதினொண்டு எண்டு ஒற்றைப்படையிலயே போகுது. அவர்ட ரெண்டு, எட்டு, பதினாலு எண்டு இரட்டைப்படை. எவ்வளவு காலம் ஓடினாலும் சந்திக்காது."

பாவம், அவர் சொன்னதெல்லாம் உண்மைதான்.

மறுநாள் மருந்துக் கடையில், எனக்கு அடுத்த நாள் லீவு எடுக்கும் அக்காவிடம், முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஒரு நாள்தானே தங்கச்சி, எடுத்துக்கங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

சீக்கிரமே அந்த நாள் வந்தது. பூந்தோட்டத்துப் புல்லில் சாய்ந்ததுமே அவர் தூங்கிப்போனார். மகள் அவர் நெஞ்சின்மேல் பூக்களை அடுக்கி விளையாடினாள். நான் எழுப்பவில்லை.

இப்போதும் வீட்டில் ஏதாவது ஒத்துவராவிட்டால், யார்மீது தப்பு என்று தேடுவதற்கு முன், நான் ஒரு நாள் தள்ளி நின்றால் சரியாகுமா என்றுதான் யோசித்துப் பார்க்கிறேன்.