எதிர்ப்பக்கத்துப் பலகை

இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நடந்தது என் சொந்த அக்காவுக்கு. காய்கறி மண்டியில் எடை போடுகிறவள் அவள். மூட்டையைத் தூக்கி வைக்கும்போதே கிலோவைச் சொல்லிவிடுவாள், முள் அதற்கப்புறம்தான் வந்து நிற்கும். அப்படிப்பட்டவள் இல்லாத பாரத்தை இருக்கிறது என்று கதை விடுவாளா?

அத்தானுக்கு இதய ஆபரேஷன் முடிந்து, வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கிளம்பிய முதல் பயணம். ஒரு நாள் முழுக்க ஆற்றோடு படகில் போய் வர வேண்டும் என்று மனிதர் அடம்பிடித்தார். அக்காவுக்கு ஒரே கவலைதான். போனபடியே இவரை வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதனால் காலையிலிருந்தே அவளுக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். லைஃப் ஜாக்கெட் மேல், மோட்டார் மேல், முக்கியமாகப் படகுக்காரர் மேல்.

சின்னப் படகு. இரண்டு ஓரத்திலும் நீளப் பலகை. வேறு பயணிகள் இல்லை.

"ரெண்டு பேரும் வலப்பக்கமே உக்காருங்க. நல்லா ஒட்டி உக்காருங்க. நடுவுல இடம் விடாதீங்க" என்றார் படகுக்காரர்.

"நம்மளப் புது ஜோடின்னு நினைச்சுட்டாருடி" என்று அத்தான் காதில் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் எழுபது கிலோ. இவள் அறுபது. இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தும் படகு சாய வேண்டிய அளவுக்குச் சாயவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஐம்பது கிலோவாவது இருந்தால்தான் இப்படி நிற்கும்.

எதிர்ப்பக்கம் காலி.

மதியம் ஒரு படித்துறையில் நிறுத்தினார்கள். அத்தான் மரத்தடியில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். படகுக்காரர் டீசல் வாங்கப் போனார். படகில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அது இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அக்கா படகில் இறங்கி அந்தப் பக்கத்துப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கயிறு. ஒரு பிளாஸ்டிக் வாளி. அவ்வளவுதான்.

"என்னங்க, இந்த ஆளு எதையோ கடத்துறான். அடியில எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான். மாட்டினா நாமளும் சேர்ந்து மாட்டுவோம்."

"ஆமா, வைரம் கடத்துறாரு. பேசாம வாடி, தராசு."

திரும்பும்போது மாலை 4.40. இரண்டு ஆறுகள் சேரும் இடம். படகுக்காரர் மோட்டாரை அணைத்தார். படகு தானாக மிதந்தது. ஏன் அணைத்தார் என்று அவர் சொல்லவில்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று எழுந்தாள்.

"அங்க போகாதீங்கம்மா!"

அதற்குள் அக்கா அங்கே உட்கார்ந்துவிட்டாள். பலகை ஈரமாக இருந்தது.

இவள் எடைக்குப் படகு இடப்பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை...

வலப்பக்கம் இறங்கியது. அத்தான் பக்கம்.

சளக்... சளக்...

ஈரக் கால் எடுத்து வைக்கிற சத்தம். தண்ணீரில் இல்லை. படகுக்குள்ளே.

அத்தான் கண்ணை மூடியிருந்தார். மூடியபடியே கொஞ்சம் நகர்ந்தார். யாருக்கோ இடம் விடுவதுபோல.

"என்னங்க..."



படகுக்காரர் அத்தானுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையே பார்த்தார்.

அக்கா பாய்ந்து போய் அத்தான் கையைப் பிடித்தாள்.

ஐஸ் மாதிரி இருந்தது.

கரை வந்ததும் அத்தான் முழித்துக்கொண்டார். நன்றாகவே இறங்கினார், நன்றாகவே நடந்தார். அக்கா திரும்பிப் பார்த்தாள். படகு எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது. என்னவோ தொலைந்தது, அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

படகு பேசும்போது அக்கா கொடுத்திருந்த நம்பருக்கு மறுநாள் காலை படகுக்காரர் போன் செய்தார்.

"அம்மா, கல்யாணம் ஆன நாலாம் நாள் என் பொண்டாட்டியோட, நேத்து மோட்டார நிறுத்துன அந்த இடத்து வழியாத்தான் வந்தேன். சின்னச் சண்டை. நான் கோவிச்சுக்கிட்டு வெடுக்குனு எந்திரிச்சு எதிர்ப்பக்கம் போனேன். படகு புரண்டுச்சு. நான் மட்டும்தான் கரை ஏறுனேன். அன்னையிலேர்ந்து அவ அந்தப் பலகையிலதான் இருந்தா. வேற ஒருத்தர் பக்கத்துல இடம் கிடைச்சா எந்திரிச்சுப் போயிடுவாளோன்னுதான் எல்லாரையும் ஒட்டி உக்காரச் சொல்லுவேன்..."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னைக்குப் படகுல பாரமே இல்லம்மா. அவ... உங்க கூட வந்துட்டாளா?"

அக்கா போனை வைத்துவிட்டாள். அத்தானிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னாள். நான்கூட அன்றைக்குச் சிரித்தவள்தான்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சமையலறையில் இருந்தாள். அத்தான் சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தார்.

"அங்க ஆள் இருக்கு."