சாரல் திடலில் பாய் தைத்த முப்பிடாதி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், சிற்றாற்றுக்கு இந்தப் பக்கம், சாரல் திடல் என்று ஒரு கிரிக்கெட் மைதானம் இருந்தது. சீசன் வந்துவிட்டால் கோவில்பட்டி, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று பல ஊர் அணிகள் வந்து இறங்கும். பகலில் ஆட்டம், சாயங்காலம் அருவிக் குளியல். திடல் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்திருக்கும். மலைக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கிலிருந்து ஓடிவந்து பந்து போடுகிறவனுக்கு வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். கொஞ்ச நேரம் வெயில், கொஞ்ச நேரம் தூறல் என்று இருக்கிற ஊரில் வெறும் தரையில் ஆட முடியாது. தென்னை நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் இரும்பு முளை அடித்து, அதன்மேல்தான் ஆடுவார்கள்.

அந்தப் பாயைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மந்திரமூர்த்தி. 1956இல் அவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். கிளப் செயலாளர் தாணுமாலயன், தென்காசியில் வக்கீல். அவர் அந்த வேலையை மந்திரமூர்த்தியின் மனைவி முப்பிடாதியம்மாளுக்கே கொடுத்தார். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தங்கத்தாய் என்று ஒரு மகள். திடலுக்குள் பொம்பளை நடமாடுவதா என்று சிலர் முனகினார்கள். ஒரு சீசன் முடிவதற்குள் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கூலியாட்கள் இரண்டு பேர் பாயைத் தூக்கி வந்து போட, அவள் வெறுங்காலோடு அதன்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பாள். எங்காவது தொய்வு இருந்தால் பாதத்துக்குத் தெரிந்துவிடும். முளையைப் பிடுங்கி மறுபடி இழுத்து அடிக்கச் சொல்லுவாள். நான் அந்த நாட்களில் அங்கே ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் அவள் நடப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

1961இல் பாய் நைந்துபோயிருந்தது. ஈரத்தில் கிடந்து கிடந்து, கிழக்கு முனையில் பந்து அதிகம் விழுகிற இடத்தில் நார் மக்கி, ஒரு சாண் கிழிந்துவிட்டது. புதுப் பாய் வாங்க வேண்டும் என்று அவள் வக்கீலிடம் இரண்டு தடவை சொன்னாள். சீசன் முடியட்டும், அதுவரை தைத்துப் போடு என்றார் அவர். அவள் கோணி ஊசியும் சணலும் கொண்டு, அடியில் பழைய பாய்த் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தாள். தைத்த இடம் புடைத்துக்கொண்டு நின்றது. சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். படியவில்லை.

அந்த ஜூலையில் அம்பாசமுத்திரம் அணியோடு ஆட்டம். அவர்கள் பக்கம் சிவசைலம் என்ற பள்ளிக்கூட வாத்தியார் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று எடுத்திருந்தார். மேற்கிலிருந்து பந்து போட்டவன் நம் ஊர் ஹபீபுல்லா. சைக்கிள் கடை வைத்திருந்த இருபத்திரண்டு வயதுப் பையன். சற்று முன்னால் ஒரு கேட்ச் விஷயமாக இருவருக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது. அடுத்த ஓவரில் ஒரு பந்து அந்தத் தையலில் விழுந்து எகிறிச் சிவசைலத்தின் காதோரம் பட்டது. அவர் மட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். களைத்துப்போய் உட்காருகிறவர்போல உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

போலீஸ் வருவதற்குள் வக்கீல் பாயைச் சுருட்டி எடுக்கச் சொல்லிவிட்டார். முப்பிடாதியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாய் நல்லாத்தான் இருந்துதுன்னு சொல்லு. பாயிலதான் குத்தம்னா திடலையே மூடிப்புடுவாங்க. பொறவு நீ பிள்ளைய வச்சிக்கிட்டு எங்கன போவ?"

அவள் அப்படியே சொன்னாள். பந்து தையலில் பட்டு எகிறியது என்று ஹபீபுல்லா சொன்னான். அதற்குச் சாட்சி இல்லை. தையலை நானும் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் கேட்கவில்லை; நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை. விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஊர் அப்படி முடிக்கவில்லை. சண்டை போட்ட கோபத்தில் தலையைக் குறிபார்த்துப் போட்டான் என்றது. அணியில் அவனைச் சேர்ப்பது நின்றது. நிச்சயம் ஆகியிருந்த கல்யாணமும் நின்றது. பத்து நாளில் புதுப் பாய் வந்தது. பழையதை எரித்துவிடச் சொன்னார் வக்கீல். ஈர நார் பற்றவில்லை. இரண்டு நாள் புகைந்துகொண்டே கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து, ஆட்டம் இல்லாத ஒரு காலையில், முப்பிடாதி திடலோரத்து வாய்க்காலில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். அம்பாசமுத்திரத்து பஸ்ஸில் வந்திறங்கி ஒரு வயதான அம்மாள் தனியாக நடந்து வந்தாள். சிவசைலத்தின் தாயார் நாச்சியார். மகன் விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். முப்பிடாதி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தூறலில் அந்த அம்மாள் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

"பந்து போட்டவன் இந்த ஊர்லதான் இருக்கானா?" என்று பிறகு கேட்டாள். "அவன் குடும்பம் வெளங்கக் கூடாதுன்னு வெள்ளிக்கெழமதோறும் வெளக்கேத்துதேன். அவன் மொகத்த ஒரு தடவ பாக்கணும்."

இதையெல்லாம் பின்னால் முப்பிடாதியே என்னிடம் சொன்னாள். மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"அவன் மேல குத்தம் இல்ல ஆச்சி. பாய் கிழிஞ்சிருந்துது. நான்தான் தைச்சேன். பந்து அதுல பட்டுத்தான் எகிறுச்சு. போலீசுல நான் பொய் சொல்லிட்டேன்."

நாச்சியார் கத்தவில்லை, அழவுமில்லை. "இத அவன்கிட்டச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் திரும்பிச் சாலைக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த ஊருக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் முப்பிடாதி சைக்கிள் கடைக்குப் போனாள். ஹபீபுல்லா ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாயார் ஹாஜரா பீவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பிடாதி சொன்னதை முழுக்க அவன் கேட்டுக்கொண்டான்.

"பந்து எங்க பட்டுதுன்னு எனக்குத் தெரியாதா யக்கா? போட்டவன் நான்லா. அன்னைக்கே சொன்னேன். சாட்சி யாருன்னு கேட்டாங்க. நீங்க அங்கனதான் நின்னீய."

டியூபைத் துடைத்து ஒட்டுப் போட ஆரம்பித்தான். ஹாஜரா பீவி உள்ளே போய்விட்டாள். முப்பிடாதி கொஞ்ச நேரம் நின்றாள். நிற்கச் சொல்லவோ போகச் சொல்லவோ யாரும் இல்லாததால் வந்துவிட்டாள்.

அவள் அதோடு விடவில்லை. சந்தையிலும் ரேஷன் கடையிலும் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். வக்கீல் முகத்துக்கு நேரேயும் சொன்னாள். அந்த வாரமே வேலை போயிற்று. அவள் சொன்னதை ஊர் நம்பியதா என்றால், பாதிப் பேர் நம்பினார்கள். நம்பியவர்கள் அவளைத் திட்டினார்கள். ஹபீபுல்லாவை அணிக்குத் திரும்ப அழைக்க ஆள் போனது. அவன் வர மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த வருஷம் கடையை விற்றுவிட்டுத் தாயாரோடு மெட்ராஸ் போய்விட்டான்.

முப்பிடாதி ஆய்க்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கப் போனாள். ஆவியும் உமித் தூசியும் நெஞ்சில் இறங்கிவிட்டன. தங்கத்தாயைச் சுந்தரபாண்டியபுரத்தில் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டிலும் கல்யாணத்துக்கு முன்பே நடந்ததைச் சொல்லிவிட்டாள். அதனால் மகள் அங்கே என்ன பாடுபட்டாள் என்பது வேறு விஷயம். தாயும் மகளும் கடைசி வரை சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

சாரல் திடலில் புதுப் பாயில் ஐந்தாறு சீசன் ஆட்டம் நடந்தது. கூட்டமும் குறையவில்லை. வக்கீல் இறந்தபோது ஆட்டத்தை நிறுத்தி ஒரு நிமிடம் எழுந்து நின்றோம்.

முப்பிடாதி 1968 ஐப்பசியில், அடைமழை நாளில் இறந்தாள். தூக்கிப்போக ஆலையிலிருந்து நாலு பேர் வந்தார்களாம். நான் போகவில்லை. எனக்குச் செய்தி வர இரண்டு நாள் ஆயிற்று.