சன்னலோர இருக்கையின் மேல் ஒரு வஞ்சம்

ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. எறும்புப் புற்றைக்கூட மலை என்று சொல்லத் தோன்றும் அளவுக்குத் தட்டையான நெதர்லாந்தில், வேலைக்குப் போகும் பேருந்தில், நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சட்டைப்பையில் மடித்த பிளாஸ்டிக் கவர் வேறு. பக்கத்து இருக்கை அம்மாள் ஒருநாள், "இது பிரார்த்தனையா?" என்றார். "இல்லை, எங்கள் ஊர் சாலை" என்றேன். அவர் மரியாதையாகத் தலைகுனிந்தார். அன்றிலிருந்து என் பழத்துக்குத் தினமும் ஒரு வணக்கம் கிடைக்கிறது.

ஊர் என்றால் கொல்லிமலை, தேவனூர் நாடு; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு, அடிவாரத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் கீழ்நாடு. அடிவாரம் வரை கொண்டை ஊசி வளைவுகள்தான். எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு: சன்னலோரம் கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வரும் வாத்தியார்களுக்கும் நர்சுகளுக்கும். அவர்கள் வாந்தி எடுப்பார்கள். மலைக்காரர்கள் உள்பக்கம், மிளகு மூட்டையோடு, அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார்கள். மலையில் பிறந்தும் வாந்தி எடுத்தவன் நான் ஒருவன்தான். பஸ் ஓட்டியவரோ என் அக்கா புருஷன். கீழே கல்லூரி விடுதிக்குத் திரும்பும் சாயங்காலங்களில் நான் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கத்துவார்: "ஏனுங்க டீச்சர், எங்க மாப்ளைக்குச் சன்னலை உடுங்க. அவரும் உங்கூர்க்காரராட்டத்தான்!" மொத்த பஸ்ஸும் சிரிக்கும்.

சிலர் லட்சியத்தால் படிக்கிறார்கள். நான் வஞ்சத்தால் படித்தேன். இங்கே, பயணிகளுக்கு ஏன் குமட்டுகிறது என்று ஆராயும் கூடத்தில் வேலை தேடிக்கொண்டேன். நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து ஆட்டி ஆட்டி நாங்கள் கண்டது இதுதான்: வளைவு மட்டும் குற்றவாளி அல்ல. வளைவுக்குள் நுழைந்தபிறகு பிரேக்கை மிதித்தால், உடம்பு முன்னாலும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் வீசப்படுகிறது, வயிறு குழம்புகிறது. வேகத்தை முன்பே குறைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இது தெரிந்த அன்று எனக்கு மச்சானின் வலது கால்தான் ஞாபகம் வந்தது.

சென்ற விடுமுறையில், அசைவை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை அவர் பஸ்ஸின் தரையில் ஒட்டினேன். சாயங்கால இறக்கத்தில் ஒவ்வொரு வளைவின் நடுவிலும் செல்போன் திரையில் கோடு எகிறியது. மலையிறங்கியதும், காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில், பயணிகள் முன்னிலையில், அதை மச்சானிடம் காட்டினேன்.

"கோளாறு என் வயித்துல இல்லீங்க மச்சான், உங்க கால்ல இருக்குது."

எத்தனை வருடமாக வாயில் வைத்து ஊறப்போட்ட வாக்கியம்! பஸ்ஸிலிருந்து முகம் வெளுத்து இறங்கியிருந்த நர்சம்மா ஒருவர் கை தட்டினார். மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "செரீங்க, நாளைக்கு வளைவுக்கு முன்னாடியே பிரேக்கைப் புடிச்சுப் பாக்கறேன். அப்பவும் வந்துச்சுன்னா?"

"வராது."

மறுநாள் சாயங்காலம் உள்பக்கம் உட்கார்ந்தேன், மிளகு மூட்டைமேல் கால் போட்டு, மலைக்காரனாக. மச்சான் தொட்டிலை ஆட்டுவதுபோல் ஓட்டினார். நர்சம்மா சன்னலோரம் முறுக்கு தின்றார். திரையில் கோடு அடங்கிப் படுத்துக் கிடந்தது. அந்த அழகை விட்டு எனக்குக் கண்ணை எடுக்க மனமில்லை. ஓடும் வண்டியில் திரையைப் பார்க்காதே என்பது எங்கள் கூடத்தின் முதல் பாடம். பாதி மலையில் அது நினைவுக்கு வந்தபோது வாய் திறக்க முடியாத நிலையில் இருந்தேன். நர்சம்மா முறுக்கும் கையுமாக எழுந்து சன்னலை விட்டுக்கொடுத்தார்.

ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது. கீழ்நாட்டார் இப்போது மலையை ரசித்துக்கொண்டே இறங்குகிறார்களாம். நான் இங்கே, சமதரையில், எலுமிச்சையோடு. போன வாரம் மச்சான் போனில் சொன்னார்:

"இப்பெல்லாம் யாரும் வாந்தி எடுக்கறதில்லீங்க மாப்ள. இருந்தாலும் சன்னல் சீட்டு ஒண்ணைக் காலியாவே உட்டு வெச்சிருக்கறேன். நீங்க எப்ப வேணாலும் ஊருக்கு வரலாமுங்க."