கட்டிலுக்கடியில் ஒரு மரை

இந்த நிகழ்ச்சியை எங்கள் உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதுண்டு. சிலர் சொல்வதில் பெரியப்பா கோமாளி. வேறு சிலர் சொல்வதில் தியாகி. இரண்டுக்கும் என்னிடம் சான்றில்லை. ஆகவே என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். பிறர் சொல்லிக் கேள்விப்பட்டவற்றை, எவ்வளவு சுவையானவையாயினும், விலக்கிவிட்டேன்.

பெரியப்பா துறைமுகத்தில் சரக்குப்பெட்டி லாரி ஓட்டியவர். ஓய்வுபெற்றபின் பழைய வேன் ஒன்றை வாங்கி, சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் வாங்கிய இரும்பைக்கொண்டு அதனுள் கட்டிலும் அடுப்புமேடையும் அமைத்து, விசிறியும் மாட்டி நடமாடும் வீடாக்கினார். எல்லாம் பெரியம்மாவுக்காக. நுரையீரல் நலிந்த அவருக்கு உறக்கத்தில் காற்றைச் செலுத்தும் கருவி வேண்டும். கருவிக்கு மின்சாரம் வேண்டும். அதனால் பல ஆண்டுகளாக அவர் திருவொற்றியூர் வீட்டைவிட்டு வேறெங்கும் இரவு தங்கியதில்லை. கட்டிலுக்கடியில் தனி மின்கலம் வைத்துவிட்டால் ஏற்காட்டு மலையிலும் அவர் உறங்கலாம் என்பது பெரியப்பாவின் எண்ணம். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த என்னையும் அழைத்துச்செல்வதாக இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் பிற்பகல் கருவி ஓடவில்லை, விசிறியும் சுழலவில்லை.

பெரியப்பா தம் மோதிரத்தைக் கழற்றி என் கட்டைவிரலில் மாட்டிவிட்டுக் கட்டில் பலகையைத் தூக்கினார். மின்கலத்தின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. கம்பிகளைக் கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரை ஊற்றினார், நுரைத்து அடங்கியது. பிறகு உப்புத்தாளால் தேய்த்தார். உப்பைப் போக்குவது உப்புத்தாள் என்பதை எண்ணிச் சிரித்தவள் நான் ஒருத்திதான்.

மீண்டும் பூட்டியும் பயனில்லை. கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மா, "இன்னாய்யா, ஏற்காடு வந்துச்சா?" என்றார்.

"சும்மா இருமே. வேலை செய்யசொல்லோ பேஜாரு பண்ணாத."

பிழை அவர் கைவண்ணத்திலேயே இருந்தது. மின்கலத்திலிருந்து வேனின் இரும்புச் சட்டத்துக்குச் செல்லும் எர்த்துக் கம்பியை, தாம் ஆசையோடு பூசிய நீல வண்ணத்தின்மேலேயே முடுக்கிவிட்டிருந்தார். வண்ணம் மின்சாரத்தைத் தடுத்தது. அவ்விடத்தைச் சுரண்டினார், இரும்பு தெரிந்தது. கம்பியின் வளையத்தை அதில் பொருத்தி மரையை இறுக்கியதும் விசிறி சுழன்றது.

"அவ்ளோதாம்மே. இந்த நட்டு டைட்டா கீற வரைக்கும் கவலயே இல்ல."

"கயண்டுகிச்சுன்னா?"

"அல்லாம் நின்னுரும்."

"ஒத்த நட்டுலயா எம் மூச்சு தொங்கிகினு கீது?" என்று பெரியம்மா சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை.

மாலை முழுவதும் பெரியம்மா வேனுக்குள் படுத்துக் கருவியை மாட்டிப் பார்த்தார். அது தடையின்றி ஓடியது. பைகள் ஏற்றப்பட்டன. நான் ஸ்வெட்டரோடு உறங்கினேன்.

விடிந்ததும் பார்த்தால் விசிறி சுழலவில்லை. பெரியப்பா கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பலகைக்கடியில் கையை விட்டார். விட்ட கையை நெடுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு எழுந்தார்.

"வயரு உள்ளாற அரிச்சுகினு பூட்ச்சு. இத்த நம்பி மலைக்குப் போவ முடியாது."

முந்தின நாளெல்லாம் கேலி பேசிய பெரியம்மா அப்போது எதுவும் கேட்கவில்லை. "செரி, டீ போடறேன்" என்று தம் பையைத் தாமே தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் அழுதேன். பெரியப்பாவுக்கு வேலை தெரியாது என்று பள்ளி திறந்ததும் தோழியரிடமெல்லாம் சொன்னேன்.

பெரியம்மா காலமானபின் அந்த வேன் விற்கப்பட்டது. அதற்குமுன் கட்டில் பலகையைத் தூக்கியவள் நான். எர்த்துக் கம்பி எங்கும் அரித்திருக்கவில்லை, வளையமும் உடையவில்லை. மரை மட்டும் இல்லை. கேட்டதற்குப் பெரியப்பா, "கயண்டு வுயுந்துருக்கும்" என்றார்.

நிறுத்தியிருந்த வண்டியில், அவர் கையால் இறுக்கிய மரை ஓரிரவில் தானாகக் கழலாது. அன்று காலை அவர் காலடியில் திறந்திருந்த பெட்டி நிறைய மரைகள் கிடந்தன. அவற்றைக் கண்ட எனக்கு, ஒன்றை எடுத்து மாட்டியிருந்தால் போதும் என்பது அப்போது விளங்கவில்லை. அவர் ஏன் மாட்டவில்லை என்பதை இப்போது ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஊகத்தை எழுதுவதாக இல்லை. மரையைக் கழற்றியவர் பெரியம்மாவா, பெரியப்பாவா என்பது தெரியாது.